'மாற்றக் காலம்' என்ற சாக்கு எதுவரை செல்லுபடியாகும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் பயிற்சியாளர்களை ஒப்பந்தம் முடியும் முன்பே வீட்டுக்கு அனுப்புவது பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையையும், அதற்கு வந்த மறுப்புக் கடிதங்களையும் படித்தேன். கட்டுரையாளர் ஜார்ஜியா டெக் அணியின் ஜெஃப் காலின்ஸை எடுத்துக்கொண்டு, 10 வெற்றி, 28 தோல்வி, இதற்கு மேல் என்ன பேச்சு என்று முடித்துவிட்டார். மறுப்பு எழுதியவர்களோ, ஆட்டமுறையையே தலைகீழாக மாற்றியவரிடம் மூன்று ஆண்டில் கணக்குக் கேட்பது அநியாயம் என்கிறார்கள். இரு தரப்பும் செய்வது ஒரே தவறு. எல்லாத் தோல்விகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ஒருவர் அதைப் பயிற்சியாளர் தலையிலும் இன்னொருவர் 'மாற்றக் காலம்' தலையிலும் ஏற்றுகிறார்கள். மூட்டையை அவிழ்த்துப் பார்க்கத்தான் இந்தக் கடிதம்.

முதலில், மாறியது என்ன? பால் ஜான்சன் 2008 முதல் 2018 வரை அங்கே ஆடவைத்தது ஃப்ளெக்ஸ்போன் ஆப்ஷன். குவார்ட்டர்பேக் (ஆட்டத்தை நடத்தி, பந்தை வீசுபவர்) நேராக சென்டருக்கு, அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குபவருக்குப் பின்னால் நிற்பார். அவருக்குப் பின்னால் ஒரு பி-பேக், லைனின் (முன்வரிசைத் தடுப்பாளர்களின்) இரு ஓரங்களிலும் ஒவ்வொரு ஏ-பேக் (இவர்கள் பந்துடன் ஓடுபவர்கள்), தொலைவில் இரண்டு ரிசீவர்கள் (பாஸ் பிடிப்பவர்கள்). பந்து வந்ததும் எதிரணியில் ஒருவரை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டுவிடுவார்கள். அந்த ஆள் பி-பேக் மேல் பாய்ந்தால் பந்து குவார்ட்டர்பேக் கையிலேயே இருக்கும், பாயாவிட்டால் பி-பேக்குக்குப் போகும். அடுத்த ஆள் குவார்ட்டர்பேக் மேல் வந்தால் பந்து ஏ-பேக்குக்கு வீசப்படும். ஓட்டம்தான் எல்லாம், பாஸ் எப்போதாவதுதான். அந்த அணியில் டைட் எண்ட் (லைனின் ஓரத்தில் நின்று தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவர்) என்ற இடமே கிடையாது.

காலின்ஸ் 2018 டிசம்பரில், ஏழாண்டு ஒப்பந்தத்தில் வந்தார். அவருக்கு வேண்டியது ஆட்டக்காரர்களை அகலமாகப் பரப்பி நிறுத்தி, பாஸை நம்பும் ஸ்ப்ரெட் முறை. அதற்கு உதவித்தொகையில் நாலைந்து டைட் எண்டுகள் வேண்டும், கையில் இருந்தது சுழியம். முதல் ஆண்டுக்கு கனெக்டிகட்டிலிருந்து பட்டம் முடித்த ஒருவரை வரவழைத்து ஒப்பேற்றினார்கள். ஓடி ஓடிப் பழகிய ஏ-பேக்குகளை ஸ்லாட் ரிசீவராக (உள்பக்கம் நின்று பாஸ் பிடிப்பவராக) நிறுத்தலாம் என்பது காகிதத்தில் சரி. ஆனால் பந்தை வாங்கிக்கொண்டு ஓடுவது ஒரு வேலை, எட்டாவது யார்டில் காலை நட்டுத் திரும்பி, காவலாளி கவனிக்கும் முன் பந்து வரும் இடத்தில் இருப்பது வேறு வேலை. குவார்ட்டர்பேக் பக்கமும் இதே கதைதான். 2019-ன் முதல் ஆட்டத்தில் கிளெம்சனுக்கு எதிராக மூன்று பேரை மாற்றி மாற்றி இறக்கினார்கள், 52-14 என்று தோற்றார்கள். ஓட்டத்தில் கெட்டிக்காரரான டோபியாஸ் ஆலிவர் பின்னர் டிஃபென்ஸ் (எதிரணியின் தாக்குதலைத் தடுக்கும்) பக்கமே போய்விட்டார்.

இதையெல்லாம் விட லைன் பெரிய தலைவலி. ஆப்ஷன் லைன்மேன் கையைத் தரையில் ஊன்றி, உடல் எடையை முழுக்க முன்னால் சாய்த்து நிற்பார். பந்து அசைந்ததும் தாழ்வாக, எதிராளியின் தொடை மட்டத்தில் பாய்வார். அதற்கு வேகம்தான் முக்கியம், எடை 125 கிலோ இருந்தால் போதும். பாஸ் தடுப்பு இதற்கு நேர்மாறு. டாக்கிள் (லைனின் ஓரத்தில் நிற்கும் தடுப்பாளர்) நிமிர்ந்த நிலையில் பின்னோக்கி நகர வேண்டும். வெளிக்கால் முதலில் பின்னே உதைக்கும், உள்கால் தரையை விடாமல் அதைத் தொடரும், இடுப்பு தாழ்ந்திருக்கும், கைகள் எதிராளியின் மார்பில் சரியான நொடியில் அறைய வேண்டும். அந்த நிலையில் கிட்டத்தட்ட மூன்று விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். அதற்கு 138, 140 கிலோ உடம்பும் நீண்ட கையும் தேவை. மூன்று ஆண்டுகள் முன்னால் பாய்ந்தே பழகிய உடம்பு, நெருக்கடி வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு முன்னால்தான் போகும். எதிரணியின் எண்ட் (ஓரத்திலிருந்து பாய்பவர்) அந்தக் கைகளைத் தட்டிவிட்டு வெளிப்பக்கமாகச் சுற்றிப் போவார். இதற்குப் பயந்து டாக்கிள் அதிகமாக வெளியே நகர்ந்தால் உள்பக்கம் கதவு திறந்துகிடக்கும். இரண்டில் எது நடந்தாலும் முடிவு சாக், அதாவது குவார்ட்டர்பேக் பந்தை வீசும் முன்பே வீழ்த்தப்படுவது. தொலைக்காட்சியில் பார்ப்பவருக்குக் குவார்ட்டர்பேக் தடுமாறுவதுதான் தெரியும்.

இந்த உடம்பை எவ்வளவு சீக்கிரம் மாற்றலாம்? அன்றைய விதிப்படி மொத்தம் 85 உதவித்தொகை, ஆண்டுக்குப் புதிதாகச் சேர்க்கக்கூடியது 25. வசந்த காலப் பயிற்சி 15 நாள். டிசம்பர் தொடக்கத்தில் வந்த பயிற்சியாளருக்கு அந்த மாதம் 19-ம் தேதியே புதிய மாணவர்கள் கல்லூரியில் சேரக் கையெழுத்திடும் முன்கூட்டிய கையொப்ப நாள், எனவே முதல் தொகுதி பெரும்பாலும் முந்தையவர் தேடிவைத்த பையன்கள்தான். ஒரு லைன்மேன் 10, 12 கிலோ நல்ல எடை போட இரண்டு ஆண்டு ஆகும். ஆக, ஆஃபென்ஸ் (பந்துடன் தாக்கும் பக்கம்) லைனைப் பொறுத்தவரை மூன்றாவது சீசன் தொடங்கும்வரை சலுகை தருவது நியாயம். குவார்ட்டர்பேக், ரிசீவர் ஆகியோருக்கு இரண்டாவது சீசனின் நடுப்பகுதி. எனக்குத் தெரிந்த தாராளமான கெடு இதுதான்.

முக்கியமான விஷயம், இந்தச் சலுகை ஆஃபென்ஸுக்கு மட்டும்தான். பன்ட் (பந்தை எதிரணிக்குத் தொலைவாக உதைத்துக் கொடுப்பது) உதைப்பவரைக் காக்கும் வரிசை, டிஃபென்ஸ் ஆட்டக்காரர்கள் பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்தும் விதம், களத்தில் 11 பேர்தான் நிற்கிறார்களா என்ற எண்ணிக்கை, பாதி நேரத்துக்கு முந்தைய இரண்டு நிமிடத்தில் டைம் அவுட்டைச் செலவழிக்கும் விதம், இவற்றில் எதையும் ஸ்ப்ரெட் முறை தொடுவதேயில்லை. அங்கே தவறு நடந்தால் முதல் நாளிலிருந்தே பயிற்சியாளர் கணக்கில்தான் எழுத வேண்டும். ஃபால்ஸ் ஸ்டார்ட் (முன்கூட்டியே அசைவது), டிலே ஆஃப் கேம் (நேரத்துக்குள் தொடங்காதது) போன்ற 5 யார்டு தண்டனைகளுக்கு மட்டும் கொஞ்சம் அவகாசம் தரலாம். புதிய சைகைகளைப் பக்கவாட்டிலிருந்து வாங்கி 40 விநாடிக்குள் வரிசை கட்டுவது முதலில் தடுமாறத்தான் செய்யும். நான்காவது ஆட்டத்திலும் அதே தடுமாற்றம் என்றால் அது பழக்கக் குறைவல்ல, பயிற்சிக் குறைவு.

2019 செப்டம்பர் 14 அன்று நடந்ததை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். ஒரு படி கீழேயுள்ள எஃப்சிஎஸ் பிரிவைச் சேர்ந்த தி சிட்டடெல், அட்லாண்டாவுக்கே வந்து ஜார்ஜியா டெக்கைக் கூடுதல் நேரத்தில் 27-24 என்று வென்றது. சிட்டடெல் ஆடியது எது? டெக் அப்போதுதான் தூக்கி எறிந்த அதே ஆப்ஷன்! 60 நிமிட ஆட்டத்தில் 40 நிமிடத்துக்கு மேல் பந்து அவர்களிடமே இருந்தது. 'ஆஃபென்ஸ் மாறுகிறது, பொறுங்கள்' என்று அன்று சொன்னவர்கள், எதிரணியிடமிருந்து பந்தைத் திரும்பப் பெற முடியாமல் நின்றது டிஃபென்ஸ் என்பதைக் கவனிக்கவில்லை. முந்தைய ஆண்டுவரை தினசரிப் பயிற்சியில் அந்த ஆட்டமுறையையே எதிர்கொண்ட பையன்கள் அவர்கள்.

இனி எண்கள். இங்கே இரண்டு இடத்தில் நல்ல ரசிகர்களே வழுக்கி விழுகிறார்கள்.

ஒன்று, ஓட்டக் கணக்கு. கல்லூரி ஆட்டத்தில் சாக்கில் இழக்கும் யார்டுகளை ஓட்டத்திலிருந்துதான் கழிப்பார்கள் (தொழில்முறை லீக்கில் அப்படி இல்லை). 30 ஓட்டத்தில் 150 யார்டு எடுத்த அணி 5 சாக்கில் 35 யார்டு இழந்தால், அட்டவணையில் 35 ஓட்டம், 115 யார்டு என்று வரும். ஓட்டத்துக்கு 5 யார்டு என்பது 3.3 ஆகிவிடும். உண்மையில் ஓட்டம் நன்றாக இருக்கிறது, பாஸ் தடுப்பு கெட்டிருக்கிறது, எண்ணோ 'ஓடத் தெரியவில்லை' என்று சொல்லும். மாற்றத்தில் உள்ள அணியை எடைபோடும்போது சாக்கில் இழந்த யார்டுகளைப் பிரித்து எடுத்துவிட்டுத்தான் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்.

மற்றது, டிஃபென்ஸின் சராசரி. ஆப்ஷன் அணி நேரத்தைத் தின்னும், ஆட்டத்துக்கு இரு பக்கமும் 10 டிரைவ் (பந்து ஓர் அணியிடம் தொடர்ந்து இருக்கும் ஒரு முறை) கிடைத்தால் அதிகம். ஸ்ப்ரெட்டில் 13 வரை போகும். டிரைவுக்கு 2.2 புள்ளி விட்டுக்கொடுக்கும் டிஃபென்ஸ் முதலாவதில் 22 புள்ளி, இரண்டாவதில் 28.6 புள்ளி விட்டிருக்கும். தரம் ஒன்றுதான், எண்ணிக்கை வேறு. அதனால் ஜான்சன் காலத்து டிஃபென்ஸ் சராசரியையும் காலின்ஸ் காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது ஏமாற்று வேலை. காலின்ஸை காலின்ஸோடு ஒப்பிடலாம்.

ஒப்பிட்டால் கிடைப்பது இது. ஆட்டத்துக்கு எடுத்த புள்ளி 2019-ல் 16.7, 2020-ல் 23.9, 2021-ல் 24. 2021-ன் இறுதி இரண்டு ஆட்டங்களில் (நோட்ரே டாமிடம் 55-0, ஜார்ஜியாவிடம் 45-0) ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அவற்றுக்கு முந்தைய பத்து ஆட்டத்தின் சராசரி 28.8. அதாவது ஆஃபென்ஸ் மாற்றம் மெதுவாகவேனும் நடந்துகொண்டிருந்தது. விட்டுக்கொடுத்த புள்ளியோ 32.4, 36.8, 33.5. அசையவே இல்லை. 2021-ல் 30 புள்ளிக்குக் குறையாமல் எடுத்த ஆட்டங்கள் ஆறு. அதில் மூன்றில் தோல்வி: வர்ஜீனியாவிடம் 48-40, மயாமியிடம் 33-30, பாஸ்டன் காலேஜிடம் 41-30. இந்த மூன்றும் மாறியிருந்தால் அந்த ஆண்டின் 3-9 (3 வெற்றி, 9 தோல்வி) என்பது 6-6 ஆகியிருக்கும், அந்த ஆண்டே பேச்சு வேறாக இருந்திருக்கும். இத்தனைக்கும் காலின்ஸ் மிசிசிப்பி ஸ்டேட்டிலும் ஃப்ளோரிடாவிலும் டிஃபென்ஸ் ஒருங்கிணைப்பாளராக இருந்துதான் பெயர் வாங்கினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடத் தெரிந்தவர், தனக்குத் தெரிந்த ஆட்டத்திலேயே கோட்டைவிட்டு, கூடத்தைக் காட்டினார்.

ஒரே எதிரணியுடன் ஆண்டுதோறும் வரும் ஸ்கோரை வைத்து முன்னேற்றத்தை அளக்கும் பழக்கமும் இருக்கிறது. கிளெம்சனிடம் தோற்ற கணக்கு: 2019-ல் 52-14, 2020-ல் 73-7, 2021-ல் 14-8. இதைப் பார்த்தால் 2021-ல் அணி எங்கேயோ போய்விட்டது போலத் தோன்றும். அந்த ஆண்டு கிளெம்சனின் ஆஃபென்ஸே படுத்திருந்தது என்பதுதான் விஷயம். 2022-ல் மறுபடி 41-10.

2008-ல் மிச்சிகனுக்கு வந்த ரிச் ரோட்ரிகஸின் கதை இதைவிடத் தெளிவானது. குவார்ட்டர்பேக் நின்ற இடத்திலிருந்து பாஸ் வீசும் பழைய முறையிலிருந்து ஓடும் குவார்ட்டர்பேக்கை மையமாக வைத்த ஸ்ப்ரெட்டுக்கு மாற்றினார். பலமான கை கொண்ட ரயன் மாலட் ஆர்கன்சாவுக்குப் போய்விட்டார். மிஞ்சிய ஸ்டீவன் த்ரெட், நிக் ஷெரிடன் இருவருமே ஓடுபவர்கள் அல்ல. ரோட்ரிகஸின் ஸோன் ரீட் ஆட்டத்தில் பின்பக்க எண்டைத் தடுக்காமல் விட்டு, குவார்ட்டர்பேக் அவரைப் பார்த்து முடிவெடுப்பார். குவார்ட்டர்பேக் ஓடமாட்டார் என்று தெரிந்தால் அந்த எண்ட் எதற்குக் காத்திருக்க வேண்டும்? நேராக ரன்னிங் பேக் மேல் விழுவார். ஆக மிச்சிகன் ஒவ்வொரு ஸ்னாப்பிலும் (சென்டர் பந்தைக் கொடுத்துத் தொடங்கும் ஒவ்வொரு முயற்சியிலும்) ஒரு எதிராளியைத் தடுக்கவும் இல்லை, ஏமாற்றவும் இல்லை. டொலீடோவிடம் 13-10 தோல்வி, மொத்தம் 3-9, 33 ஆண்டு தொடர்ந்து ஆடிய பௌல் ஆட்டம் (நல்ல சீசனுக்குப் பின் கிடைக்கும் கூடுதல் ஆட்டம்) அந்த ஆண்டு இல்லை. இந்த 3-9-ஐ ரோட்ரிகஸ் தலையில் முழுவதும் கட்ட நான் ஒப்பமாட்டேன். கையிலிருந்த இருவருக்கு ஏற்றபடி முறையைக் கொஞ்சம் வளைத்திருக்கலாம் என்பது மட்டும் நியாயமான குறை.

அதன்பின் ஆஃபென்ஸ் கிளம்பியது: ஆட்டத்துக்கு 20.3, 29.5, 32.8 புள்ளி. 2010-ல் டெனார்ட் ராபின்சன் 1,702 யார்டு ஓடி, 2,570 யார்டு பாஸும் வீசினார். மாற்றம் முடிந்தது, வெற்றிகரமாகவே முடிந்தது. அதே ஆண்டு டிஃபென்ஸ் ஆட்டத்துக்கு 35.2 புள்ளி விட்டது. இலினாயுடன் 67-65 என்று மூன்று கூடுதல் நேரம் ஆடி வென்ற கூத்தும் அந்த நவம்பரில்தான். மூன்று ஆண்டில் இரண்டு டிஃபென்ஸ் ஒருங்கிணைப்பாளர்கள், அவர்களுக்குப் பழக்கமில்லாத 3-3-5 வரிசை (முன்னால் 3, நடுவில் 3, பின்னால் 5 பேர்) வேறு. 15-22 என்ற கணக்கோடு 2011 ஜனவரியில் அவரை அனுப்பினார்கள். அடுத்து வந்த பிரேடி ஹோக், கிரெக் மேட்டிசனை டிஃபென்ஸுக்கு அழைத்து வந்தார். பெரும்பாலும் அதே பையன்கள், ஆட்டத்துக்கு 17.4 புள்ளி, 11-2. ரோட்ரிகஸைத் தோற்கடித்தது அவர் கொண்டுவந்த ஆஃபென்ஸ் அல்ல, அவர் கவனிக்காமல் விட்ட டிஃபென்ஸ் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நெப்ராஸ்காவும் இதே தடம்தான். 2004-ல் பில் கலஹன் ஆப்ஷனைக் கைவிட்டு வெஸ்ட் கோஸ்ட் பாஸ் முறைக்குப் போனார். அந்த ஆண்டு 5-6, 1961-க்குப் பின் முதல் முறையாகத் தோல்விகள் அதிகமான சீசன். 2006-க்குள் 9-5 என்று எழுந்தார்கள். 2007-ல் கான்சாஸுக்கு எதிராக 39 புள்ளி எடுத்தும் தோற்றார்கள், ஏனென்றால் விட்டது 76. சீசன் முடிந்ததும் கலஹன் வெளியே.

மறுபடி அட்லாண்டாவுக்கு வருகிறேன். 2022-ன் முதல் ஆட்டத்திலேயே கிளெம்சன் இரண்டு பன்ட்களைத் தடுத்துப் பறித்தது. நான்காவது ஆண்டில், ஸ்ப்ரெட்டுக்கும் ஆப்ஷனுக்கும் சம்பந்தமே இல்லாத இடத்தில். 1-3 ஆனதும் செப்டம்பர் 26-ம் தேதி காலின்ஸையும் விளையாட்டு இயக்குநர் டாட் ஸ்டான்ஸ்பரியையும் சேர்த்தே நீக்கினார்கள். லைன் பயிற்சியாளராக இருந்த பிரென்ட் கீ இடைக்காலமாக வந்தார். அதே பையன்கள், அதே சீசன், 4-4. தரவரிசையில் இருந்த பிட்ஸ்பர்க்கையும் வட கரோலினாவையும் அவர்கள் ஊரிலேயே வென்றார்கள். மாற்றத்தின் மிகக் கடினமான பகுதியான லைனை 2019-லிருந்து சுமந்தவர் கீதான் என்பதையும் கவனிக்க வேண்டும். மாற்றம்தான் நோய் என்றால் முதலில் அவரல்லவா விழுந்திருக்க வேண்டும்? 2023-ல் முழுப் பொறுப்பில் 7-6.

மூன்றாவது ஆண்டில் பார்க்க வேண்டிய இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன்: முதல் இரண்டு ஆண்டில் பயிற்சியாளரே தேடிச் சேர்த்தவர்களில் எத்தனை பேர் மிச்சம்? காலின்ஸ் சேர்த்த ஜமீர் கிப்ஸ் இரண்டு சீசன் ஆடிவிட்டு அலபாமாவுக்குப் போய், தொழில்முறை லீக்கின் 2023 ஆட்டக்காரர் தேர்வில் 12-வது ஆளாக டெட்ராய்ட் அணிக்குப் போனார். திறமையைக் கண்டுபிடித்த புகழ் காலின்ஸுக்கு உண்டு. வைத்துக்கொள்ளத் தெரியாத பழியும் உண்டு.

அணி உண்மையில் முன்னேறுகிறதா என்று பார்க்க விரும்பும் வாசகர்கள் ஆட்ட அறிக்கையை எடுத்து ஒவ்வொரு ஸ்னாப்பையும் தாங்களே குறிக்கலாம். முதல் டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் முதலாவதில்) தேவையான தூரத்தில் பாதி, இரண்டாவதில் 70 விழுக்காடு, மூன்றாவது, நான்காவதில் முழுத் தூரம் கிடைத்தால் அது வெற்றி. வெற்றி பெற்றவற்றை மொத்தத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் கைமீறிப்போன பிறகு வந்தவற்றையும் எஃப்சிஎஸ் அணிகளுடன் ஆடியவற்றையும் விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் கடைசி கால் மணி நேரத்தில் எதிரணியின் மாற்று ஆட்டக்காரர்களிடம் எடுத்த யார்டுகள் கணக்கைக் கெடுத்துவிடும். கூடவே மூன்றாவது டவுனில் சராசரியாக எத்தனை யார்டு மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். 8-லிருந்து 6-க்கு இறங்கினால், ஸ்கோர் எதுவானாலும் அந்த ஆஃபென்ஸ் தேறுகிறது.

நான் மேலே சொன்ன கெடுவை இன்றைய பயிற்சியாளர்களுக்கு அப்படியே கொடுக்கவும் கூடாது. ரோட்ரிகஸ் காலத்தில் கல்லூரி மாறும் ஆட்டக்காரர் ஓர் ஆண்டு வெளியே உட்கார வேண்டும். 2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பதிவுப் பட்டியல்) வந்தது, 2021-லிருந்து முதல் மாற்றத்துக்குக் காத்திருப்பு இல்லை, ஆண்டுக்கு 25 என்ற வரம்பும் 2022-ல் தளர்ந்தது. பிரென்ட் கீயே டெக்சஸ் ஏ அண்ட் எம்-மிலிருந்து ஹெய்ன்ஸ் கிங்கைக் கொண்டுவந்து ஒரே குளிர்காலத்தில் குவார்ட்டர்பேக் பிரச்சினையைத் தீர்த்துக்கொண்டார். இன்று 'எனக்கு டைட் எண்ட் இல்லை' என்று இரண்டாவது ஆண்டில் ஒருவர் சொன்னால், போர்ட்டலில் ஏன் தேடவில்லை என்று கேட்கலாம். லைனுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். நல்ல டாக்கிளை எந்தக் கல்லூரியும் எளிதில் விடுவதில்லை, போர்ட்டலில் வருபவர்களில் பலர் வேறெங்கோ இடம் கிடைக்காதவர்கள்.

தங்கள் பக்கத்தில் இனி இப்படியொரு பயிற்சியாளரைப் பற்றி எழுதும்போது, வெற்றி தோல்விக்குக் கீழே இரண்டு வரி சேர்த்தால் நன்றாயிருக்கும்: டிரைவுக்கு எடுத்த புள்ளியும் விட்ட புள்ளியும் ஆண்டுவாரியாக ஒரு வரி, டிஃபென்ஸ் ஒருங்கிணைப்பாளர் எத்தனை முறை மாறினார் என்று ஒரு வரி. அட்லாண்டாவிலும் மிச்சிகன் அணியின் ஊரான ஆன் ஆர்பரிலும் பிள்ளைகளைப் படிக்கவைத்துவிட்டு சனிக்கிழமைதோறும் இந்த ஆட்டத்தைப் பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் மிச்சத்தைத் தாங்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்
அட்லாண்டா